பிரின் குசிக்கின் முன்பற்கள்

எங்கள் ஊரில் குளிர் சுழியத்துக்குக் கீழே நாற்பதைத் தொடும் காலைகளில் கார் கிளம்பாது. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை ஒட்டி நிறுத்தி, கம்பி மாட்டி, நம் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் ஏதாவது ஒரு கமிட்டியில் இருப்பார். ஆகவே கனடாவின் இந்த மானிடோபா மாகாணத்தில் கமிட்டியிடம் முடியாது என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர்கள் இன்னும் தங்கள் வாசலிலேயே சாவியைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஓரெஸ்ட் குசிக் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன். பேசத் தெரியாதவன் இல்லை. பேச வேண்டிய அவசியம் வராத வேலை. சனிக்கிழமைகளில் அவன் மகள் பிரின் வண்டியில் கூடவே வருவாள். விதிப்படி கூடாதுதான். இருவரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, எந்த வீட்டு வாசலில் பனியைக் குவிக்கலாம் என்று கலந்து பேசி முடிவு செய்வார்கள். அவனுக்கு வாரத்தில் பிடித்த நேரம் அது ஒன்றுதான், அதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

பிரினுக்கு அப்போது ஆறு வயது. அந்த நவம்பரில் மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்தன. வழக்கம்போல் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். வழக்கம்போல் அப்பன் அவற்றை எடுத்துக்கொண்டு நாணயம் வைத்தான். காலையில், விழுந்த பல்லுக்குக் காசு வைத்துவிட்டுப் போகும் பல் தேவதை வந்துபோனதாக வீடு முழுக்க ஒரே கூத்து. பற்களைத் தூக்கிப் போட மனசு வராமல் ஓரெஸ்ட் தன் மீன்பிடிப் பெட்டியில், தூண்டில் முள்ளுக்குப் பக்கத்து அறையில் போட்டு வைத்தான்.

அதே மாதம், பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் கர்லிங் கிளப்பில் பான்கேக் விருந்து. வரிசை நகரவில்லை. சலித்துப்போன பிரின் தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தபடி நின்றாள். அந்த வழியாகப் போன ஒருவர் அதில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு, “எதுக்குப் பாப்பா வசூல்?” என்று கேட்டார். அவளுக்கு என்ன தெரியும். எதிரே சுவரில் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு பற்றி ஒரு சுவரொட்டி இருந்தது. “அவங்களுக்கு” என்று அதைக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை யாரோ படம் எடுத்தார்கள். சிவப்புக் குல்லா, அதற்கு மேலே முகம், முகத்தின் நடுவில் இரண்டு பல் அகல ஓட்டை. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அதற்கு மறுநாள் சின்னக்கை அறக்கட்டளை, ஒரு பழப் பணியாரத்தோடு வீட்டுக்கு வந்தது.

அறக்கட்டளையின் தலைவி டார்லின் ஃப்ரீசன் அம்மையார். மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். அழும்போதுகூட மை கலையாத கண். மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் புதிய வார்டு கட்டுவதற்காக அவர் பணம் திரட்டத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு குழந்தையை முகமாக வைத்துக்கொள்வார்.

“பெரியவங்க போய்க் கேட்டா, ஜனங்க ‘எதுக்கு’ன்னு கேக்கறாங்க. குழந்தை கேட்டா ‘எவ்வளவு’ன்னு கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான், ஓரெஸ்ட்” என்றார்.

“அவ சின்னப் பொண்ணுங்க. சனிக்கிழமைன்னா என்கூட வண்டியில வருவா” என்றான் ஓரெஸ்ட்.

“சனிக்கிழமைதான் எங்களுக்கும் வசதி.”

“அவளை நீங்க இதுக்குப் பயன்படுத்திக்கறது...”

“பயன்படுத்தறதா. ஐயையோ, நாங்க எந்தக் குழந்தையையும் பயன்படுத்தினதே இல்ல. பயன்படுத்தினா சம்பளம் குடுக்கணுமே.”

ஓரெஸ்ட் மனைவி ஜனீனைப் பார்த்தான். ஜனீன் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே காரின் மேல் பனி ஒரு முழம் ஏறியிருந்தது. “சரிங்க, பரவால்ல” என்றான் ஓரெஸ்ட். எங்கள் ஊரில் அழிவு எப்போதும் இந்த இரண்டு சொல்லில்தான் ஆரம்பிக்கும்.

முதலில் வழிகாட்டுதல் வந்தது. பிரின் முடியை வெட்டக் கூடாது. குல்லாவைத் துவைக்கக் கூடாது, சாயம் போனாலும் நூல் பிரிந்தாலும் அப்படியே இருக்க வேண்டும். பொது இடத்தில் கோபப்படக் கூடாது. பசித்தால் “கொஞ்சம் பசிக்குது” என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆப்பிள், கேரட் கடிக்கக் கூடாது, மீதிப் பற்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஓட்டை இரண்டு பல் அகலத்துக்கு மேல் போனால் பார்ப்பவர்களுக்குப் பரிதாபம் போய் அருவருப்பு வந்துவிடும் என்று வல்லுநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைகளில் அவள் மளிகைக் கடை வாசலில் நின்றாள். முன்னாள் படைவீரர் மன்றத்தில் இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் நடந்தபோது சீட்டு எடுத்தாள். உறைந்த வாத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். ஓரெஸ்ட் பனி தள்ளிக்கொண்டு அந்த வாசல்களைக் கடந்துபோகும்போது அவள் கையசைப்பாள். அவனும் அசைப்பான். பக்கத்து இருக்கையில் விதைப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

ஜனவரியில் வார்டுக்கே அழைத்துப் போனார்கள். பழைய வார்டு, மொத்தம் நான்கே படுக்கை. ஜன்னலோரப் படுக்கையில் கோரா என்று ஒரு சிறுமி இருந்தாள். ரத்தத்தில் ஏதோ கோளாறு, தலையில் முடி இல்லை. அவளுக்கும் முன்பற்கள் விழுந்திருந்தன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததும் நாக்கை ஓட்டை வழியாக நீட்டிக் காட்டிக்கொண்டன. அப்புறம் அதே ஓட்டை வழியாகச் சீழ்க்கை அடித்தன. தாதிகூடச் சிரித்துவிட்டாள். அறக்கட்டளையில் சேர்ந்த பிறகு பிரின் யாரும் சொல்லாமல் சிரித்தது அப்போதுதான் என்று ஓரெஸ்ட் பிறகு சொன்னான்.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். “இது சரிப்படாதுங்க. ஒரு படத்துல ரெண்டு ஓட்டை இருந்தா கண்ணு எங்க போறதுன்னு தெரியாம குழம்பும்.”

டார்லின் அம்மையார் கோராவின் பக்கம் குனிந்தார். “தங்கம், நீ கொஞ்சம் வாயை மூடிக்கிறியா? நன்றியோட பாக்கற மாதிரி. அந்தப் பக்கமா.”

“வாயைத் தொறந்தா மருந்து ஊத்தறாங்க, மூடினா போட்டோ எடுக்கறாங்க” என்றாள் கோரா. ஆனாலும் மூடிக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சம் பிரினுக்கு வேண்டியிருந்ததால் கோராவின் கட்டிலைக் கதவுப் பக்கம் தள்ளினார்கள். மருந்துக் குழாய் அவ்வளவு தூரம் எட்டவில்லை. “ரெண்டே நிமிஷம்” என்று சொல்லி அதைக் கழற்றினார்கள். படம் நன்றாக வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய பலகையாக வைத்தார்கள். அதில் கோராவின் காது தெரியும்.

இதெல்லாம் நல்லதுக்கா என்று ஒரு பள்ளி ஆசிரியை பத்திரிகைக்கு எழுதினார். சின்னக் குழந்தைகளை இப்படி ஊரறிய நிறுத்தலாமா, நல்ல காரியத்துக்கு என்றாலும் தகுமா என்று நாலே வரி கேட்டிருந்தார். அறக்கட்டளை திறந்த மனசு உள்ளது. உடனே பொதுக் கூட்டம் போட்டு, இரண்டு தரப்பும் வந்து பேசலாம் என்று அறிவித்தது. கூட்டத்தைப் பிரின் தொடங்கி வைத்தாள். வாசலில் பெரோகிக் கொழுக்கட்டை விற்றதும் பிரின்தான். ஆசிரியை எழுந்து பேச வாயெடுத்தபோது, பிரின் ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அரங்கமே உருகியது. ஆசிரியை தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறென்ன செய்வார், பாவம். குழந்தைகளை மேடையேற்றலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. ஆதரவாகக் கை தூக்கியவர்களில் அந்த ஆசிரியையும் ஒருவர்.

பிப்ரவரி கடைசியில் டெலிதான். உள்ளூர்த் தொலைக்காட்சியில் காலையிலிருந்து இரவு வரை ஒரே நிகழ்ச்சி. ஆட்டம், பாட்டு, பேச்சு நடக்கும். ஜனங்கள் வீட்டிலிருந்து போன் செய்து இவ்வளவு தருகிறேன் என்று சொல்ல வேண்டும். மேடையோரத்தில் வரிசையாகப் போன்கள், அவற்றின் பின்னால் எங்களைப் போன்ற தொண்டர்கள். நானும் ஒரு போனுக்கு முன்னால் இருந்தேன். மத்தியானம் வரை என் போன் மூன்று முறை அடித்தது, அதில் ஒன்று என் மனைவி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் டார்லின் அம்மையார் ஜனீனைக் காப்பிக்கு அழைத்து, “அந்த ரெண்டு பல்லும் என்னாச்சு?” என்று பேச்சுவாக்கில் கேட்டிருந்தார். ஜனீனும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். “ஏலத்துக்குக் குடு. கண்ணியமா நடத்துவோம். அந்த நேரம் பிரின் உள்ள உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டிருப்பா” என்றாராம். மேலே சொன்ன அந்த இரண்டு சொல்லை ஜனீனும் சொல்லிவிட்டாள்.

பிரின் ஜூஸைச் சீக்கிரம் குடித்துவிட்டாள்.

மேடைக்கு அவள் வந்தபோது, பற்கள் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள், வெல்வெட் துணியின் மேல் இருந்தன. கீழே மரப் பீடம், பித்தளைத் தகடு. “இந்த ஊரோட மனசாட்சியே இந்த ரெண்டு பல்லுலதான் இருக்கு” என்று டார்லின் அம்மையார் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். டிராக்டர் விற்பனையாளர் ஒருவர் ஏற்கெனவே கை தூக்கியிருந்தார்.

“அது என் பல்லு. தேவதை எடுத்துட்டுப் போனது” என்றாள் பிரின்.

அம்மையார் சமாளிக்கத் தெரிந்தவர். “ஆமா கண்ணு. தேவதையே நமக்கு நன்கொடையா குடுத்துட்டாங்க.”

பிரின் முகம் மலர்ந்தது. அந்த மாதம்தான் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். எங்கே எழுத்தைப் பார்த்தாலும் சத்தமாகப் படிப்பது வழக்கம். தகட்டுக்குக் கிட்டே போய், விரலை வைத்துப் படித்தாள். ஊர் முழுக்க நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. “கு... சி... க். குசிக். குடும்ப... குடும்பத்தின். அன்... பளிப்பு.” படித்து முடித்ததும் கைத்தட்டலுக்காகத் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் படித்தது மண்டையில் ஏறியது.

காப்பி மேசைக்குப் பக்கத்தில் ஓரெஸ்ட் நின்றிருந்தான்.

“அப்பா, நீயா எடுத்தே?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனிடம் பொய் கேட்டால் இப்படித்தான். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டான்.

பிரின் அழுதாள். நடிக்கிற அழுகை இல்லை. மூக்கு ஒழுக, மூச்சு நின்று நின்று வருகிற அழுகை. ஜனீன் காகிதக் கைக்குட்டையோடு மேடையில் ஓடி ஏறினாள். டார்லின் அம்மையார் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு, “துடைக்காதே, கொஞ்சம் இரு” என்றார். கேமரா கிட்டே நகர்ந்தது. என் முன்னால் இருந்த போன் அடித்தது. பக்கத்துப் போனும் அடித்தது. வரிசை முழுக்க அடிக்கத் தொடங்கிப் பத்து மணி வரைக்கும் ஓயவில்லை. அந்த வருடம் வந்ததுபோல் அதற்கு முன் எந்த வருடமும் வரவில்லை.

அன்று இரவு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் குழந்தைகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து பெற்றோரிடம் அதே கேள்வியைக் கேட்டன. பல வீடுகளிலிருந்து புகார் போனது. அறக்கட்டளை வருத்தம் தெரிவித்து, துயரத்தில் இருக்கும் குழந்தைகள் தங்கள் பற்களையும் ஏலத்துக்குத் தரலாம் என்று அறிவித்தது.

டெலிதான் முடிந்ததும் ஓரெஸ்ட் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்தபடியே ரயில்பாதை வரை வந்துவிட்டான்.

“அப்பா” என்றாள் பிரின்.

“சொல்லு கண்ணு.”

“நான் அழுதப்போ எத்தனை போன் அடிச்சுது?”

எல்லாமே அடித்தது என்றான். பிரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் பனி உருகியது. பிரின் வாயில் புதிய பற்கள் இரண்டு தலை காட்டின. அறக்கட்டளை அவசரக் கூட்டம் கூட்டியது. கர்லிங் கிளப் மாடியில், சாயம் போன வெற்றிக் கோப்பைகளுக்கு நடுவே எல்லோரும் கறுப்பு உடுத்தாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் என்ற முறையில் ஓரெஸ்டுக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

உறுப்பினரும் பல் மருத்துவருமான லோர்ன் பென்னர் எழுந்து தொண்டையைச் செருமினார். “பரிசோதிச்சேன். ரெண்டும் நிரந்தரப் பல்லு. நேரா, ஆரோக்கியமா வந்துட்டிருக்கு. எங்களால செய்யக்கூடியது எதுவும் இல்ல. மன்னிக்கணும்.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பலகைகளில் ஓட்டைச் சிரிப்பு. காப்பிக் கோப்பைகளில் ஓட்டைச் சிரிப்பு. பால் அட்டைப்பெட்டியில் ஓட்டைச் சிரிப்பு. இத்தனையிலும் அந்தப் படத்தை அச்சடித்த பிறகு பல் முளைத்தால் என்ன அர்த்தம், இது நன்கொடையாளர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று ஒருவர் கேட்டார். இரண்டு வாரமாகக் கறுப்பு மெழுகு பூசிப் பார்த்ததையும், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அது உருகிப் பிரின் அதை விழுங்கியதையும் இன்னொருவர் எடுத்துச் சொன்னார். பிடுங்கிவிட்டால் என்ன என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

டாக்டர் பென்னர் முகம் சிவந்தது. “மருத்துவனா சொல்றேன், அது நடக்கவே நடக்காது. எனக்குன்னு ஒரு நெறிமுறை இருக்கு.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உறுப்பினரா சொல்றேன், இந்த ஊர்ல ஹாக்கி விளையாடற பசங்க நிறைய பேருக்கு முன்பல் போயிருக்கு. முகக்கவசம் போடாம விளையாடினா. அவ்வளவுதான். நான் சிபாரிசு எதுவும் பண்ணல.”

“விளையாட்டு உடம்புக்கு நல்லதுதானே” என்றார் டார்லின் அம்மையார். “அதுக்கான செலவை அறக்கட்டளையே ஏத்துக்கலாம். எப்பவுமே நமக்குக் குழந்தையோட நலன்தான் முக்கியம். அதுக்காக ஒரு பல்லு, ரெண்டு பல்லு போனா நாம கணக்குப் பாக்கறவங்க இல்ல.”

ஓரெஸ்ட் எழுந்து நின்றான். மடக்கு நாற்காலி தானாக மடங்கிக் கீழே விழுந்தது. “போதுங்க. அவளை விட்டுடுங்க. மன்னிச்சுக்கங்க” என்றான். இதைப் பிப்ரவரியில் சொல்லியிருக்கமாட்டான். மே மாதத்தில் கார்கள் தாமாகவே கிளம்பும்.

அவன் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவனும் ஒவ்வொருவரிடமும் திரும்பக் கேட்டான். அரைமணி நேரம் இதுவே நடந்தது. முடிவில் பிரினுக்குச் செப்டம்பரில் பணி ஓய்வு என்று தீர்மானம் ஆனது. ஏழு வயது நிறைவதால் வயதும் சரியாக இருந்தது.

ஓரெஸ்ட் கோடை முழுக்கச் சீழ்க்கை அடித்துக்கொண்டு திரிந்தான். பிரினுக்குச் சின்னத் தூண்டில் ஒன்று வாங்கினான். செப்டம்பரில் விருந்து முடிந்த மறுநாள் ஏரிக்குப் போவதென்று திட்டம். மகளைத் திரும்பக் கொடுக்கிறார்கள், அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பணி ஓய்வு விருந்து புதிய வார்டின் முதல் கட்டத்திலேயே நடந்தது. முதல் கட்டம் என்பது நீளமான ஒரு கூடம். இதுவரை முகமாக இருந்த குழந்தைகளின் படங்கள் அதில் வெளிச்சத்தோடு மாட்டப்பட்டிருந்தன. படுக்கைகள் இரண்டாம் கட்டத்தில் வரும். அதுவரை இடமில்லை என்று கோராவை ஜூலையிலேயே மாகாணத் தலைநகர் விண்ணிபெக்குக்கு அனுப்பிவிட்டார்கள். பிரினின் படத்துக்குக் கீழே கோழிக் கறியும் நிறமூட்டிய ஜெல்லியும் பரிமாறினார்கள். குழந்தைப் பருவத்துக்கு ஆற்றிய சேவையைப் பாராட்டி அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அடுத்த முகமாக வில்லா என்று ஐந்து வயதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எல்லாப் பல்லும் இருந்தன. அதனால் டார்லின் அம்மையாருக்குக் கொஞ்சம் கவலைதான். குல்லாவைப் பிரின் தன் கையால் வில்லா தலையில் மாட்டினாள். அது அவள் கண் வரைக்கும் இறங்கியது. எல்லோரும் கைதட்டிவிட்டு ஜெல்லிக்குத் திரும்பினார்கள்.

ஓரெஸ்ட் மகளின் கோட்டை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தான். பிரின் குனிந்து வில்லாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கிறிஸ்துமஸுக்கு நீ என்ன கேக்கப் போறே?”

“நாய்க்குட்டி. சாண்டாவுக்கு லெட்டர்கூடப் போட்டாச்சே. நிஜ நாய்க்குட்டி.”

“அவர் கொண்டுவருவாரா?”

“பின்னே? போன வருஷம் சைக்கிள் கொண்டுவந்தாரே. எங்க வீட்ல வெச்சிருந்த பால்கூடக் குடிச்சிருந்தார்.”

பிரின் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு டார்லின் அம்மையாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மையார் குனிந்தார். ஓரெஸ்ட் பக்கத்தில்தான் நின்றான், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“பல்லைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்றாள் பிரின். “டெலிதானை இந்தத் தடவை டிசம்பர்ல வைங்க. அதுவரைக்கும் சாண்டா இல்லைன்னு இவகிட்ட யாரும் சொல்லிடக் கூடாது. மேடையில அவளே கண்டுபிடிக்கணும். இவளோட அம்மாவைக் கடைசி வரிசையில உக்கார வைங்க, கைக்குட்டையோட ஓடி வந்துடப் போறாங்க.”

சாண்டா இல்லை என்பது அவளுக்குத் தெரியும் என்பதே ஓரெஸ்டுக்குத் தெரியாது. எப்போது தெரிந்துகொண்டாள், யாரிடமும் கேட்காமல், அழாமல் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

டார்லின் அம்மையார் நிமிர்ந்தார். அந்தக் கண்ணில் மை லேசாகக் கலைந்திருந்தது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அது உயரம் போதவில்லை என்று அதன் மேல் ஒரு தலையணையையும் வைத்து, “உக்காருங்க பிரின்” என்றார்.

“பிரின், வாடா கண்ணு. வீட்டுக்குப் போலாம். காலைல ஏரிக்குக் கிளம்பணும்” என்றான் ஓரெஸ்ட். கோட்டின் கைகளை அவளுக்கு வசதியாக விரித்துப் பிடித்திருந்தான்.

பிரின் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒரு நிமிஷம்ப்பா. மீட்டிங்ல இருக்கேன்.”